பட்டியும் பதிவேடும்

மகாபாரதத்து வனபருவத்திலே கோஷயாத்திரை என்றொரு பகுதி உண்டு. காட்டில் அல்லலுறும் பாண்டவர் முன்னிலையில் தன் செல்வச் செருக்கைக் காட்ட விழைந்த துரியோதனன் அதற்கொரு சாட்டுத் தேடுகின்றான். ஆயர்பாடிகளிலுள்ள ஆநிரைகளை எண்ணிப் பார்க்கவும், புதிய கன்றுகளுக்குக் குறியிடவும் அரசன் நேரிற் போதல் வேண்டும் என்பதே கன்னன் கண்டுபிடித்துக் கொடுத்த சாட்டு. திருதராட்டிரன் முதலில் தயங்கினும் ஈற்றில் விடைகொடுத்துவிடுகின்றான். பின்னர்த் துரியோதனன் கந்தருவர் கையிற் கட்டுண்டதும், பாண்டவரே அவனை மீட்டதும் யாவரும் அறிந்த கதை. கதை கேட்போர் கந்தருவரை நினைவிற் கொள்கின்றனர். மாடெண்ணிய செய்தியை மறந்துவிடுகின்றனர். எமக்கோ அந்தச் சாட்டே பெரிதாகத் தோன்றுகின்றது. பொய்ச் சாட்டாயினும் பிறர் நம்பத்தக்கதாய் இருத்தல் வேண்டுமன்றோ? ஆநிரையை எண்ணிக் குறியிட்டு வைத்தல் வேந்தனும் நேரிற் செய்யத்தக்க கடமை என்று அக்காலத்தார் கருதியமையாலேயே அச்சாட்டுச் செல்லுபடியாயிற்று.

கௌடிலியரின் அர்த்தசாத்திரம் இக்கடமையை இன்னும் நுணுக்கமாக வகுத்துரைக்கின்றது. ஆநிரைக்கென ஒரு கண்காணிப்பாளனை அமைத்து, கன்று பிறந்து ஓரிரு திங்களுக்குள் அதற்குக் குறியிடல் வேண்டும் என்றும், இட்ட குறி, இயற்கையாய் அமைந்த அடையாளம், நிறம், கொம்பின் அமைப்பு ஆகியவற்றை ஏட்டிற் பதிதல் வேண்டும் என்றும் அந்நூல் கூறும். இழப்பைக்கூடக் காணாமற்போனது வேறு, மாண்டொழிந்தது வேறு எனப் பிரித்தே அது எழுதச் சொல்கின்றது. இன்று கணினியறிந்தார் 'தரவுத்தளம்' என்று பெயரிட்டு வழங்கும் பொருளின் வித்து இதுவேயாகும். பழைய மாணவர் பலர் இன்று அத்துறையிலே வெளிநாடுகளிற் சிறந்து விளங்குகின்றனர் என அறிவோம். அவர்கள் இக்கட்டுரையில் யாம் செய்யும் பிழைகளைப் பொறுத்தருள்வாராக. தமிழாசிரியன் மாட்டைப் பற்றி எழுதுவதோ என நகைப்பார்க்கு மட்டும் ஒரு சொல்: வெட்சித் திணையும் கரந்தைத் திணையும் மாட்டைப் பற்றியன அல்லவா?

மன்னாரிலிருந்து பூநகரி நோக்கிச் செல்லும் பெருவீதியிலே, திருக்கேதீச்சரத்தைக் கடந்து விடத்தல்தீவை அடையுமுன் எதிர்ப்படும் சிற்றூர் பாப்பாமோட்டை. மேற்கே உவர்நிலமும் அதற்கப்பால் ஆழமற்ற கடலும். கிழக்கே சென்றால் மாந்தைப் பகுதி வயல்களும் அவற்றுக்கப்பால் காடும். இப்பகுதியில் மாடு வளர்த்தல் தொழுவத்திற் கட்டி வைக்கோல் இடுவதன்று. பெரும்போக விதைப்புக்குமுன் பயிர்ச்செய்கைக் கூட்டத்தில் நாள் குறிக்கப்பட்டதும் மாடுகளை வயலோரங்களினின்று அகற்றுதல் வேண்டும். பட்டிகள் காட்டோரத்துக்கும் குளங்களின் மேனிலத்துக்கும் சாய்க்கப்படும். அறுவடை முடிந்தபின்னரே அவை தாளடிக்குத் திரும்பும். ஆண்டிற் பல மாதம் மாடு தன்னை உடையவன் கண்ணிற் படாது; பிற ஊர்ப் பட்டிகளோடு கலந்து மேயும். மேய்ச்சல் தரை ஆண்டுதோறும் சுருங்கி வருதலின் அக்கலப்பு இப்பொழுது முன்னையினும் மிகுதி.

அவ்வாறு கலந்தவற்றைப் பிரித்தறிய உதவுவது குறி. உடையவர் பெயரின் முதலெழுத்துக்களும் ஊரைக் காட்டும் அடையாளமும் காய்ச்சிய இரும்பினால் மாட்டின் தோலிற் சுடப்படும். இதனைக் குறிசுடுதல் என்பர். 1958ஆம் ஆண்டின் 29ஆம் இலக்க விலங்குகள் சட்டம் குறியிடலையும் பதிதலையும் நாடு முழுவதற்கும் ஒழுங்குபடுத்தியது. குறி, அக்குறிக்குரிய பதிவு, மாடு கைமாறும்போது எழுதப்படும் சீட்டு என்னும் மூன்றும் சேர்ந்தே ஒருவருடைய உரிமையை நிலைநாட்டும். இவற்றுள் குறி மாட்டோடு போகின்றது. மற்றையிரண்டும் தாள், ஓர் அலுமாரியிற் கிடக்கின்றன.

தாளுக்கு நேர்ந்ததைச் சொல்லுதல் வேண்டும். 2008ஆம் ஆண்டில் போர் இப்பகுதியைக் கடந்து சென்றபோது மக்கள் ஊரைவிட்டு இடம்பெயர்ந்தனர். கன்றுகாலிகளைச் சிலர் சிறிது தூரம் சாய்த்துக்கொண்டு போயினர். பலர் அவிழ்த்துவிட்டுப் போயினர். 2009ஆம் ஆண்டு மே மாதத்தோடு போர் முடிந்து, பின்னர் மக்கள் சிறிது சிறிதாக மீண்டபோது வீட்டிலிருந்த ஏடுகளும் இல்லை, வீடுகளும் இல்லை. காட்டில் மாடுகள் மட்டும் இருந்தன. அவையும் ஆளைக் கண்டால் ஓடுவனவாய்க் காட்டுவிலங்கின் இயல்பை அடைந்திருந்தன.

பட்டி வைத்திருக்கும் முதியவர் ஒருவரை யாம் நன்கறிவோம். பெயர் வேண்டா. அவருக்கு எழுத வராது. ஆயினும் தம் பட்டியிலுள்ள ஒவ்வொரு மாட்டின் வழியையும் தாய், தாயின் தாய் என நான்கு தலைமுறைக்குக் கூறுவார். ஊருக்கு மீண்டபின் தம் குறி தாங்கிய பசுக்கள் சிலவற்றை அவர் காட்டிற் கண்டு பிடித்து வந்தார். அவற்றுள் ஒன்றன் பின்னே குறியற்ற நாகு ஒன்றும் வந்தது. பால்குடி மறந்து நன்கு வளர்ந்த நாகு. அடுத்த ஊரார் ஒருவர் அது தம் பசு ஈன்றது என்றார். ஊர்ப் பெரியோர் கூடினர். பசுவின் தோலில் எழுதியிருந்தது. நாகின் தோலில் ஒன்றும் இல்லை. அது காட்டிற் பிறந்த ஆண்டில் அதனைக் கண்டார் ஒருவருமிலர்.

"வாத்தியார், தாயை எனக்குத் தெரியும். இது ஈன்றதை நான் காணேல்லை. காணாததைக் கண்டனான் எண்டு எப்பிடிச் சொல்லுறது?" என்று கூறி முதியவர் அந்நாகை விட்டுக்கொடுத்துவிட்டார். அவ்விரு பட்டிக்காரரும் இன்றும் நல்லுறவோடு இருக்கின்றனர். ஆயினும் அந்நாகு எவருடையது என்பது இன்றுவரை எவருக்கும் தெரியாது. குறி உடையவனைக் கூறும்; உறவைக் கூறாது. முதியவரின் நினைவு உறவைக் கூறும். அவர் காணாததைக் கூறாது, அவருக்குப் பின்னும் கூறாது. தாள் இரண்டையும் கூறும்; எரிந்துபோனால் கூறாது. தரவுத்தளம் வேண்டும் என்பதற்கு எமக்கு இதனினும் தக்க காரணம் தெரியவில்லை.

தரவுத்தளம் என்பது யாது? எம் மாணவரோடு யாம் செய்து பார்த்த சிறு முயற்சியைக் கொண்டே இதனை விளக்குவோம். ஊரிலுள்ள சில பட்டிகளை எழுதிவருமாறு உயர்வகுப்பு மாணவரை அனுப்பினோம். ஒவ்வொரு மாட்டுக்கும் ஒரு வரி. அவ்வரியில் மாட்டின் பெயர், நிறம், உடையவர் பெயர், முகவரி, தொலைபேசி, ஏற்றிய தடுப்பூசி என வரிசையாக எழுதி, கணினியில் விரிதாளாக ஏற்றினோம். ஏற்றி முடித்தபோது மிக்க மகிழ்ச்சி. முதற்கேள்வியிலேயே அம்மகிழ்ச்சி அகன்றது.

செவலை மாடு எத்தனை என்று கணினியை வினாவினோம். விடை உண்மையினும் குறைவாக வந்தது. ஆராய்ந்தபோது ஒரு மாணவன் 'செவலை' என்றும், மற்றொருவன் 'சிவலை' என்றும், வேறொருத்தி 'சிவப்பு' என்றும் எழுதியிருந்தமை தெரிந்தது. மனிதன் மூன்றையும் ஒன்றென அறிவான். கணினிக்கு ஓரெழுத்து மாறினாலும் வேறு நிறமே. ஆகவே வெள்ளை, கறுவல், செவலை, மயிலை, புள்ளி எனச் சொற்களை முதலில் வரையறுத்து, அவற்றுள் ஒன்றையே தெரிந்தெடுக்குமாறு ஒழுங்கு செய்தோம். பருவப் பெயர்களுக்கும் அவ்வாறே செய்தோம்: கன்று, நாகு, நாம்பன், பசு, காளை. கணினி வேலையில் தமிழாசிரியனுக்கும் ஒரு பங்கு உண்டென்பதை அன்றே கண்டோம். இளமைப்பெயரும் ஆண்பாற்பெயரும் பெண்பாற்பெயரும் இவையிவை என மரபியலில் வரையறுத்த தொல்காப்பியர்பால் எமக்கிருந்த மதிப்பு அன்று மேலும் உயர்ந்தது.

இரண்டாவது இடர் இதனினும் பெரிது. ஒருவர் தம் தொலைபேசி இலக்கத்தை மாற்றினார். அவருடைய மாடுகள் யாவற்றின் வரியிலும் அதனைத் திருத்த வேண்டியிருந்தது. இரண்டு வரிகள் விடுபட்டுப்போயின. இப்பொழுது ஒரே மனிதர் ஏட்டிலே இருவராயினார். கணினி கற்பிக்கும் நண்பர் சிரித்தபடி எமக்கு அடிப்படையைச் சொல்லித் தந்தார். ஒரு செய்தி ஓரிடத்தில் மட்டுமே எழுதப்படல் வேண்டும். வேண்டும் இடத்திலெல்லாம் அதனைச் சுட்ட வேண்டும், மீண்டும் எழுதலாகாது. எட்கர் கொட் என்னும் அறிஞர் 1970ஆம் ஆண்டில் வெளியிட்ட கட்டுரையிலே இம்முறைக்குக் கணித அடிப்படை வகுத்தார். உலகின் வங்கிக் கணக்குகளிற் பெரும்பாலானவை இன்றும் அவ்வழியிலேயே வைக்கப்படுகின்றன.

அதன்படி எம் ஒரே ஏட்டை மூன்றாகப் பிரித்தோம். முதலாவது உடையவர் ஏடு. ஒருவருக்கு ஒரு வரி. இரண்டாவது மாட்டேடு, ஒரு மாட்டுக்கு ஒரு வரி. அதில் உடையவரின் பெயர் இராது. அவருடைய இலக்கம் மட்டும் இருக்கும். தாய் என்னும் கட்டத்திலே தாயின் பெயர் இராது. தாய்ப்பசுவின் இலக்கம் இருக்கும். மூன்றாவது நிகழ்ச்சி ஏடு. ஈன்றது, ஊசி போட்டது, நோயுற்றது, விற்றது, காணாமற்போனது, இறந்தது ஆகிய ஒவ்வொன்றுக்கும் நாளும் மாட்டின் இலக்கமும் குறித்து ஒரு வரி. மூன்று ஏடுகளையும் இலக்கங்கள் நூல்போலக் கோத்து நிற்கின்றன. ஓர் இலக்கத்தைப் பற்றி இழுத்தால் வேண்டியது வருகின்றது. 'இப்பசுவின் மகள்மார் எவை?', 'சென்ற ஆண்டில் ஊசி போடப்படாத மாடுகள் எவர் பட்டியில் உள்ளன?', 'இரண்டாண்டாக ஈனாத பசு எது?' எனப் பல திசையினின்றும் அதே ஏட்டை வினாவலாம். தாள் ஏட்டை எழுதிய வரிசையில் மட்டுமே வாசிக்க இயலும். வேற்றுமை இவ்வளவே, ஆனால் இது சிறிய வேற்றுமையன்று.

இலக்கத்தைப் பற்றி மூன்று விதிகளைப் பட்டறிந்தே கற்றோம். மாட்டின் பெயரை இலக்கமாகக் கொள்ளலாகாது. எங்கள் ஊரிலே 'வெள்ளைச்சி' எத்தனையோ. இறந்த மாட்டின் இலக்கத்தைப் புதுக் கன்றுக்குக் கொடுக்கலாகாது. கொடுத்தால் பேரப்பிள்ளை தன் பாட்டிக்கே தாயாகிவிடும். இறந்ததன் வரியை அழிக்கவும் ஆகாது; அழித்தால் அதன் மக்கள் யாவும் தாயற்றனவாகிவிடும். இவ்விலக்கத்தையே கணினி நூலார் முதன்மைச் சாவி என்பர். காதிற் பூட்டும் வில்லையில் அவ்விலக்கமே பொறிக்கப்படும்.

பயன் யாது என்று பட்டிக்காரர் கேட்பது முறையே. பசுவின் சினைக்காலம் ஏறக்குறைய 280 நாள். எருமைக்கு அதனினும் ஒரு மாதமளவு கூடும். ஆட்டுக்கு ஏறக்குறைய 150 நாள். சினைப்படாத பசு 21 நாளுக்கு ஒருமுறை பருவமுறும். செயற்கைமுறையிற் சினைப்படுத்திய நாள் தெரிந்தால், மறுபருவம் நோக்கவேண்டிய நாளையும் ஈனும் நாளையும் கணினியே கூறிவிடும். மேய்ச்சற் பட்டியிலோ எது எப்பொழுது காளையோடு சேர்ந்தது என எவர் காண்பர்? ஆகவே அங்கே ஈன்ற நாள் ஒன்றே எமக்குப் பற்றுக்கோடு. ஈற்றுக்கும் ஈற்றுக்கும் இடைப்பட்ட காலத்தைக் கணித்தாலே எப்பசு பயன்தருவது, எது வெறுமனே மேய்வது என்பது வெளிப்படும். முன்னர்க் கூறிய முதியவர் பெரிதும் புகழ்ந்து பேசும் பசு ஒன்று இக்கணக்கில் மிகவும் பின்தங்கி நின்றது. தயங்கித் தயங்கியே அதனை அவருக்குச் சொன்னோம். "அது கணக்குக்கு வளர்க்கிற மாடில்லை, வாத்தியார்" என்றார். அதற்கெனக் கட்டம் எதுவும் எம் ஏட்டில் இல்லை.

காளையைப் பற்றிய செய்தி இன்னும் முக்கியமானது. நல்ல காளை என்று ஒன்றையே ஐந்தாறு ஆண்டு பட்டியில் வைத்திருப்பின், அது தன் மகள்மாரோடும் சேரும். அவ்வழிப் பிறக்கும் கன்றுகள் நாளடைவில் மெலிந்து குறுகும். பசுக்களும் சினைபிடிக்கத் தாமதிக்கும். எந்தக் காளை எந்த ஆண்டு எப்பட்டியில் நின்றது என எழுதிவைத்தால், உரிய காலத்தில் அயற்பட்டியோடு காளையை மாற்றிக்கொள்ளலாம். இதற்குக் காசு வேண்டியதில்லை. ஆயினும் ஓர் எச்சரிக்கை: தந்தை எதுவெனத் தெரியாதவிடத்துத் 'தெரியாது' என்றே எழுதுதல் வேண்டும். கட்டம் வெறுமையாய்க் கிடக்கின்றதே என்று ஊகித்து எழுதிய ஒரு சொல் பத்தாண்டின் பின் உண்மையாகி நின்றுவிடும். நாகை விட்டுக்கொடுத்த முதியவரை இவ்விடத்தே மாணவருக்கு நினைவூட்டினோம்.

நோய்க்காலத்திலே ஏட்டின் அருமை தெரியும். கால்வாய் நோய் வந்தால் எம்மாடு எந்தப் பட்டியோடு மேய்ந்தது, எங்கிருந்து வாங்கப்பட்டது என்பதை உடனே அறிதல் வேண்டும். 2020ஆம் ஆண்டிலே இலங்கையிற் புதிதாகத் தோன்றிய தோற்கழலை நோய் வடமாகாணத்தை முதலிற் பற்றியது. உடலெங்கும் கழலைகளை எழுப்பி, கடிக்கும் பூச்சிகளாற் பரவும் அந்நோயை எதிர்ப்பட்டபோது, எங்கெங்கே எத்தனை மாடு உண்டு என்பதே மிருக வைத்தியர் கேட்ட முதல் வினா. மருந்தேற்றிய பசுவின் பாலைக் குறித்த நாள்வரை விற்கலாகாது என்பதையும் நினைவூட்ட ஏட்டினால் இயலும்.

பிற நாட்டார் இத்துறையில் நெடுந்தூரம் சென்றுள்ளனர். பிரித்தானியாவில் குறுங்கொம்பு இன மாடுகளின் வழிமுறை ஏடு 1822ஆம் ஆண்டிலேயே அச்சேறியது. தென்மார்க்கிலே வெயன் என்னும் ஊரில் 1895ஆம் ஆண்டு உழவர் ஒன்றுகூடிச் சங்கம் அமைத்து, ஒவ்வொரு பசுவின் பாலையும் அளந்து எழுத ஓர் ஆளை நியமித்தனர். அரசினர் ஏவாது உழவரே தமக்காகத் தொடங்கியது என்பது கருதத்தக்கது. அதற்கு மாறாகப் பிரித்தானியர் இடருற்ற பின்பே விழித்துக்கொண்டனர். மாடுகளின் மூளையைத் தாக்கும் நோய் மனிதரையும் பற்றக்கூடும் என்பது 1996ஆம் ஆண்டு மார்ச்சில் அறிவிக்கப்பட்டது. அவ்வாண்டு யூலையிலிருந்து பிறக்கும் ஒவ்வொரு கன்றுக்கும் கடவுச்சீட்டு வேண்டுமென்றாயிற்று. இந்தியாவிலே ஆனந்தில் உள்ள தேசியப் பால்வள அபிவிருத்திச் சபை அமைத்த தரவுத்தளத்தில் ஒவ்வொரு மாட்டுக்கும் 12 இலக்கங்கொண்ட எண் உண்டு. அதுவே மஞ்சள் வில்லையாக அதன் காதில் தொங்கும். தமிழகத்துச் சிற்றூர்களிலும் அவ்வில்லையைக் காணலாம். எங்கள் நிலத்தைப்போல வறண்டு, மாடுகள் கட்டற்று மேயும் பொட்சுவானாவில், இலக்கம் பொதிந்த சில்லு ஒன்றை மாட்டின் இரைப்பையிற் போய்த் தங்குமாறு விழுங்கச் செய்தனர். முட்பற்றையிற் கிழிந்து விழாது; கள்வனும் அறுத்தெடுக்க இயலாது. ஆனால் கண்ணுக்குத் தெரியாத இலக்கத்தைக் கருவியின்றி வாசிப்பார் எவருமிலர்! பின்னர் அந்நாட்டாரும் காதுவில்லைக்கே திரும்பினர்.

எம் ஊரில் உள்ள தடைகள் கருவி பற்றியன அல்ல. உள்ள மாட்டின் தொகையை வாய்விட்டுச் சொன்னால் நாவூறு படும் என்பது பழைய நம்பிக்கை. தொகை தெரிந்தால் உதவிப்பணம் நின்றுவிடுமோ என்பது புதிய அச்சம். இரண்டாவதை மூடநம்பிக்கை என்று தள்ளிவிட யாம் துணியோம். ஏடு எவர் கையில் இருக்கின்றது, எதற்காகப் பார்க்கப்படுகின்றது என்று கேட்கும் உரிமை மாட்டை உடையவருக்கு உண்டு. எவர் எப்பகுதியைக் காணலாம் என வரையறுக்கத் தரவுத்தளத்தில் வழியுண்டு. அவ்வரையறையைப் பட்டிக்காரர் சங்கமே செய்தல் நன்று. விண்ணப்பங்கள் உடையவர் வாசிக்கும் மொழியில் இருத்தலும் வேண்டும். வாசித்தறியாத தாளிற் கையொப்பமிட்டவர் அதனைத் தம் ஏடெனக் கருதார்.

எழுதிவையாமையின் இழப்பையும் அண்மையிற் கண்டோம். 2022ஆம் ஆண்டு திசெம்பரிலே மண்டூசு புயல் வங்கக்கடலிற் கடந்து சென்றபோது வடக்கிலும் கிழக்கிலும் இதற்குமுன் அறியாத குளிர்காற்று வீசியது. ஓரிரு நாளில் நூற்றுக்கணக்கான மாடுகளும் ஆடுகளும் விறைத்து மாண்டன. உதவி கேட்டவரிடம் எத்தனை இருந்தன, எத்தனை இறந்தன, சான்று யாது என வினாவினர். எழுதிவைத்தவர் ஏட்டைக் காட்டினர். மற்றையோர் புதைத்த இடத்தைக் காட்டினர். மன்னார்த்தீவின் வீதிகளில் உடையவரின்றித் திரியும் கழுதைகளை எவரும் எண்ணுவதில்லை. அவற்றுக்கு ஒரு நட்டமுமில்லை. ஆனால் பால் விற்று மகளைப் படிப்பிக்கும் ஒருத்திக்கு ஒரு பசு என்பது ஒரு பசு மட்டுமன்று.

எம் சிறு தரவுத்தளம் இப்பொழுது மூன்று இடங்களில் இருக்கின்றது: பாடசாலைக் கணினியில் ஒன்று, கடல்கடந்து வாழும் பழைய மாணவர் ஒருவர் பொறுப்பில் ஒன்று, திங்கள்தோறும் அச்சிட்டுப் பட்டிக்காரர் வீட்டுத் தகரப் பெட்டியில் வைக்கும் தாளாக ஒன்று. மின்சாரம் நின்றாலும் தாள் இருக்கும். தாள் எரிந்தாலும் மற்றையவை இருக்கும். முதியவர் தாளில் உள்ளதை வாசிக்க மாட்டார். பேர்த்தி வாசித்துக் காட்டுவாள். சென்ற முறை வாசித்தபோது, ஒரு நாகின் தாய் இலக்கம் பிழையென்று அவர் கூற, அவள் மாட்டுக் காலைக்கே சென்று வில்லையைப் பார்த்துவந்தாள். முதியவர் கூறியதே சரி. திருத்திவிட்டோம்.